நாற்பத்தொன்றாம் பாட்டு

நான் செய்த ஒரு துரோகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரிப்பதற்கு அப்புறம் நிறைய இருக்கிறது. என் இருபத்தாறாவது வயதில், என்னோடு ஆடிய ஒருவரின் ரகசியத்தைத் துண்டுத்தாளில் எழுதி எதிரணிக்காரனிடம் கொடுத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்கு எந்த லாபமும் இல்லை. அன்று குடித்த இரண்டு காப்பிக்கும் நானேதான் காசு கொடுத்தேன்.

அந்த ஒருவரைப் போலக் கால்பந்து ஆடிய மனிதர் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. திருச்சுழியில் எங்கள் தேவாலயத்தின் கோயில்பிள்ளை அவர். மணியடிப்பதும் பெஞ்சு துடைப்பதும், போதகர் சீட்டில் எழுதித் தரும் ஞானப்பாட்டு எண்களைச் சுவர்ப் பலகையில் செருகி வைப்பதும் அவர் வேலை. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. கோயில்பிள்ளை என்றால் அவர்தான்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் அணியில் பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். அதில் கோயில்பிள்ளையின் மகன் ஞானமுத்துவும் ஒருவன். அவன்தான் எங்கள் செண்டர் ஹாஃப், அதாவது நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன். ராணுவ லாரி ஓட்டப் போனவனிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தால் அதிகம்.

அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். நான் பி.ஏ. படித்துவிட்டு மிஷன் பள்ளியில் ஆசிரியராக வந்தவன். கல்லூரி அணியில் ஆடியவன். முக்கியமாக, அந்த வட்டாரத்தில் பூட்ஸ் வைத்திருந்த ஒரே ஆட்டக்காரன்.

அணியின் செக்ரட்டரி ஒரு சைக்கிள் கடைக்காரர். அவர் கடையில் நாங்கள் ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கோயில்பிள்ளை வந்து நின்றார். வயது நாற்பத்தைந்து. முழங்கால் கெட்டு, ஆட்டத்தை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

"அவன் வார வரைக்கும் அவன் எடத்துல நான் நிக்கேன்" என்றார். "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிக்கோமில்ல, அப்பிடி."

செக்ரட்டரி டியூபிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "துண்டு ஓடுமா அண்ணாச்சி?"

"துண்டு எதுக்கு ஓடணும்? பந்து ஓடும்."

அப்படியே ஆயிற்று. என்னை முன்வரிசையில் வலப்பக்கம், இன்சைடு ரைட்டாகத் தள்ளினார்கள்.

கோயில்பிள்ளை ஓடி நான் பார்த்ததில்லை. ஆராதனையில் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு நடப்பது போலத்தான் மைதானத்திலும் நடப்பார். மைதானம் என்பது வற்றிய கண்மாய். எங்கே பார்த்தாலும் கருவேல முள். ஒரு காலால் பந்தை அமுக்கிக்கொண்டு மறுகாலைத் தூக்கி, இடுப்புக் கயிற்றில் குத்தியிருந்த ஊக்கால் முள்ளை எடுப்பார். எதிரணியில் மூன்று பேர் சுற்றி நின்று, முள் வந்துவிட்டதா என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். முள் வந்ததும் பந்து அங்கே இருக்காது. முழங்காலில் விளக்கெண்ணெய் தடவி வெள்ளைத் துணி ஒன்று சுற்றியிருப்பார். அது தன்னுடைய பழைய அங்கியின் கை என்று போதகர் அந்த வருஷக் கோப்பைப் போட்டியின் கால் இறுதியில்தான் கண்டுபிடித்தார்.

அந்தக் கால் இறுதி நரிக்குடி அணியோடு, எங்கள் கண்மாயிலேயே நடந்தது. சனிக்கிழமை. ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஆறு மணி நெருங்கியதும் கோயில்பிள்ளை ரெஃப்ரியிடம் போய், மறுநாள் ஆராதனைக்கு மணியடிக்க வேண்டும், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கரையேறிப் போய்விட்டார். சனிக்கிழமை மணிக்கு எப்போதும் பன்னிரண்டு அடி. நாங்கள் பத்துப் பேரும் ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டே ஆடினோம். பதின்மூன்றாவது சத்தம் கேட்காதபோது எங்களுக்கு உயிர் வந்தது. திரும்பி வந்தவர் நேராகப் போய் ஃப்ரீ கிக்கை அடித்தார். அதில்தான் ஜெயித்தோம்.

இனி அந்த ரகசியம். மைதானத்தில் அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பெயரைச் சொன்னால் பந்து யாருக்குப் போகிறதென்று எதிரிக்கும் தெரிந்துவிடுமாம். ஞானப்பாட்டு எண்ணைத்தான் சொல்வார். இருநூற்றேழு கல்யாணப் பாட்டு. முன்னால் நிற்கிற இருவர் சேர்ந்து போக வேண்டும். நூற்றெண்பத்தெட்டு காணிக்கைப் பாட்டு. பந்தை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். அறுப்பின் பண்டிகைப் பாட்டின் எண்ணைச் சொன்னால் இடது ஓரத்தில் இருப்பவன் உள்ளே வர வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு அடக்க ஆராதனைப் பாட்டு. அதைச் சொன்னால் கோலை நோக்கி அடி, கோல்கீப்பரைப் பற்றி யோசிக்காதே என்று அர்த்தம்.

நாற்பத்தொன்று என்னுடையது. அது விடியற்காலைப் பாட்டு. நீ திரும்பிப் பார்க்காமல் முன்னால் போ, பந்து வரும் என்று அர்த்தம்.

இடது ஓரத்தில் ஆடிய கருப்பையா ஆட்டு வியாபாரி. தேவாலயத்துக்குள் கால் வைத்தவன் இல்லை. இருந்தும் எங்களுக்கு முன்னால் எல்லா எண்ணையும் மனப்பாடம் செய்துவிட்டான். தூக்கத்தில் எண்ணாகச் சொல்கிறான் என்று அவன் தாயார் பதறிப்போய்க் கோயில்பிள்ளையைத் தேடி வந்தாள்.

"ஏய்யா, எம் மகன வேதத்துல சேத்துட்டீகளா?"

"வேதத்துல இல்ல ஆத்தா. லெப்ட் அவுட்டுல."

அரை இறுதியில் பாலவனத்தம் அணியை வென்றோம். ஒரே கோல், அதை அடித்தவன் நான். நாற்பத்தொன்று என்ற குரல் கேட்டது, போனேன், பந்து என் காலடியில் வந்து உட்கார்ந்தது, தட்டிவிட்டேன். கூட்டம் உள்ளே ஓடி வந்தது. கையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றேன். என்னைத் தாண்டிப் போய்க் கோயில்பிள்ளையைத் தோளில் தூக்கினார்கள். அவர், முழங்கால் முழங்கால் என்று கத்திக்கொண்டே போனார். நான் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

இறுதி ஆட்டம் அருப்புக்கோட்டையில், வெளியூர் மில் அணி ஒன்றோடு. அவர்கள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். பேருக்கு மில்லில் வேலை, சாயங்காலம் பந்து. அவர்கள் கேப்டன் என்னோடு கல்லூரியில் படித்தவன். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அருப்புக்கோட்டைக் காப்பிக் கடை ஒன்றில் பார்த்தேன். உங்கள் கிழவர் என்னவோ கணக்குச் சொல்கிறாராமே என்று சிரித்தான். விளையாட்டாகத்தான் கேட்டான். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பையில் இருந்த தாளைக் கிழித்து, ஒவ்வொரு எண்ணையும் அதன் பொருளையும் என் அழகான கையெழுத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். நாற்பத்தொன்றை மட்டும் எழுதவில்லை. கிழவர் தோற்க வேண்டும், ஆனால் நான் ஒரு கோல் அடிக்க வேண்டும். அவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறேன்.

இறுதி ஆட்டத்தில் காணிக்கைப் பாட்டைச் சொன்னதும் கோயில்பிள்ளையைச் சுற்றி மூன்று பேர் வந்து நின்றார்கள். கல்யாணப் பாட்டைச் சொன்னால் மாப்பிள்ளை பெண் இருவரையும் பிரித்துவிட்டார்கள். அடக்கப் பாட்டைச் சொல்லி முடிக்குமுன் அவர்கள் கோல்கீப்பர் சரியான பக்கம் பாய்ந்துவிட்டான். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினோம்.

கோயில்பிள்ளை தரையில் உட்கார்ந்து முள் எடுத்தார். அருப்புக்கோட்டை மைதானத்தில் முள்ளே கிடையாது. அப்படியும் வெகுநேரம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் ஒவ்வொரு எண்ணாக மறுபடி சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அவர்கள் முந்திக்கொண்டார்கள். கடைசியில் நாற்பத்தொன்று என்றார். ஒருவனும் அசையவில்லை. பந்து தனியாக என் காலடிக்கு வந்தது.

கோயில்பிள்ளை என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதன்பிறகு அவர் வேறு எண்ணே சொல்லவில்லை. அந்த முதலாவதையும் சேர்த்து நான்கு முறை நாற்பத்தொன்று. நான்கு முறையும் பந்து சொன்ன இடத்துக்கு வந்தது. ஒன்றைக் கம்பத்தில் அடித்தேன். ஒன்றைக் கீப்பரின் கையில் கொடுத்தேன். ஒன்று, வேடிக்கை பார்க்க வந்த மாட்டு வண்டிக்குள் விழுந்தது. நான்காவதில் பந்தை விட்டுவிட்டுத் தரையை உதைத்தேன். பூட்ஸின் முன்பக்கம் வாயைப் பிளந்தது. ஊரில் ஒரே பூட்ஸ் அத்தோடு சரி.

தோற்றோம். எண்களை உரக்கக் கத்தி அவரே காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பழி முழுதும் கிழவர் மேல் விழுந்தது. செண்டர் ஹாஃப் இடம் எனக்கு வந்தது. கோயில்பிள்ளை மறுநாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து சொன்னார்: "எடம் சும்மா கெடக்கக் கூடாது, வாத்தியாரய்யா. நீங்க பாத்துக்கோங்க. அவன் வந்தா குடுத்திருங்க." இரண்டு மாதமாக மகனிடமிருந்து கடிதம் வரவில்லை என்று எனக்கு அப்போது தெரியும். சரி என்று சொன்னேன்.

அடுத்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே நரிக்குடிக்காரர்கள் எங்களை நான்கு கோல் போட்டு அனுப்பினார்கள். நான் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கருப்பையா மட்டும் ஒருதரம் கிட்ட வந்து, "நம்பரச் சொல்லுங்க சார், பேரச் சொன்னா எனக்கு ஓட வர மாட்டேங்கு" என்றான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவாலயத்துக்குப் போனேன். கோயில்பிள்ளை முக்காலியில் ஏறி, சாயங்கால ஆராதனைக்கு எண்களை மாற்றிக்கொண்டிருந்தார். நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்றேன். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சில் அவ்வளவுதான் வந்தது.

அவர் திரும்பவில்லை. "முக்காலி ஆடுது. பிடிங்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன். அணிக் கமிட்டியிடமும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"வேண்டாம். நீங்க வாத்தியாரு. நாளைக்குப் பிள்ளைக மூஞ்சில முழிக்கணும்." இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கோவம் எதுலன்னா, அந்த மாட்டு வண்டிக்குள்ள அடிச்சீகளே, அதுலதான். எவ்வளவு நல்ல பந்து."

சாயங்காலம் வழக்கமான கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பலகையை நிமிர்ந்து பார்த்தேன். முதல் எண் நாற்பத்தொன்று.

விளக்கேற்றிய பிறகு விடியற்காலைப் பாட்டு. போதகர் பலகையைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு கோயில்பிள்ளையைப் பார்த்தார். கோயில்பிள்ளை மணிக்கயிற்றின் முடிச்சைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஆர்மோனியக்காரர் ஆரம்பித்துவிட்டார். கதிரவன் எழுந்தான் என்கிற பொருளில், வௌவால் பறக்கிற நேரத்தில், சபை முழுதும் எழுந்து நின்று பாடியது.

மறுநாள் அவர் பேச்சை மீறிக் கமிட்டியிடம் சொன்னேன். செக்ரட்டரி என்னை அணியிலிருந்து நீக்கிவிட்டு, கோயில்பிள்ளையை அழைத்து வர ஆள் அனுப்பினார். நாற்பத்தொன்றுக்கு வேறு ஆள் கிடையாது, வாத்தியாரய்யா இல்லாமல் நான் வர மாட்டேன் என்று அவரிடமிருந்து பதில் வந்தது. பள்ளிப் பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் எண்களைச் சொல்லிச் சிரித்தார்கள். அது ஒரு வருஷம் நீடித்தது. எனக்கு அது வேண்டியிருந்தது.

மறு ஆண்டு கமிட்டி இறங்கி வந்து எங்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டது. நாற்பத்தேழு வயதில் கோயில்பிள்ளை எங்களை மறுபடி அரை இறுதிக்கு நடத்திப் போனார், நடந்தேதான். அதே மில் அணி. ஒரு கோலில் ஜெயித்தோம். எந்த எண்ணில் என்று சொல்ல வேண்டியதில்லை. வெறுங்காலால்தான் அடித்தேன். இறுதியில் தோற்றோம். கோப்பை எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை.

யுத்தம் முடிந்து ஞானமுத்து முழுசாகத் திரும்பி வந்தான். கோயில்பிள்ளை அவனைக் கண்மாய்க்குக் கூட்டிப்போய், நட்டநடுவில் தோளைப் பிடித்து நிறுத்தி, "இந்தா, ஒன் எடம்" என்றார். பிறகு கரையேறி மணியடிக்கப் போனார். ஒருநாள் கூட ஆட வரவில்லை.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. பஸ் நம்பரோ, ரேஷன் கடையில் டோக்கனோ, யாராவது நாற்பத்தொன்று என்று சத்தமாகச் சொன்னால், என் கால் தானாக இரண்டடி முன்னால் போகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. பந்து வரும்.