குடிக்கு ஒரு நாற்காலி

யாருமே உட்காராத நாற்காலிக்கு மின்விசிறியைத் திருப்பி வைக்கச் சொல்லும் மனுஷி உலகத்திலேயே ஒருத்தர்தான் இருப்பார். அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை என் தலையில் எழுதியிருந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆலோசனை மையம். குடி, போதை, புருஷன் பெண்டாட்டி சண்டை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பிள்ளைகள் என்று எல்லாம் படியேறி வரும். "நான் டாக்டர் இல்ல, சைக்காலஜிஸ்டாக்கும்" என்று அவர் தொண்டை வறளச் சொல்லியும், ஊர் வைத்த பேர் நாற்காலி டாக்டர்.

குடும்பத்தோடு பேசும்போது ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டுவைப்பார். "உங்க வீட்டுல இன்னொரு ஆளும் உண்டு. குடி. அவரும் இஞ்ச வந்து இருக்கட்டு. சொல்ல வேண்டியத அவருட்ட நேரா சொல்லுங்க" என்பார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்த்து லேசாகத் தலையாட்டுவார், ஆள் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி. கைக்குழந்தைகள் அந்த நாற்காலியையே முறைத்துக்கொண்டிருக்கும். தூசி துடைக்கப் போனால் "கொஞ்சம் எழும்புங்க" என்று என் வாய் தானாகச் சொல்லும். இதை வீட்டில் சொன்னதற்கு, "உனக்கும் அங்க மாத்திர குடுக்காவளாட்டி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

ஒரு மழை நாளில் கீரிப்பாறையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பன் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடிந்தால் பால்வெட்டு, பொழுது அடைந்தால் குடி. மகளுக்குப் பதினான்கு வயசு. இரண்டு மாதமாக அவளுக்குப் பேச்சே இல்லை. காது, தொண்டை எல்லாம் சரிதான் என்று ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இங்கே அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளை இனி பேசுமா, பேசாதா? எங்களுக்கு அதுதான் கவலை, வெப்ராளம்.

அது அவர்களுக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போன அம்மாக்காரி, தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். உள்ளே வந்ததும் பையைத் திறந்தாள். நாற்காலிமேல் வாழையிலை விரித்துப் பொரித்த மீன், அவித்த முட்டை, வெற்றிலை, ஒரு குவார்ட்டர் பாட்டில் என்று வரிசையாக வைத்தாள். சாட்சாத் மாடனுக்குப் போடுகிற படையல்.

"என்னம்மா இது?"

"பிடிச்சத வச்சு அனுப்புனா, தின்னுட்டு ஒழிஞ்சு போயிரும்லா டாக்டரே?"

பெண்பிள்ளைகள் வந்தால் என்னையும் உள்ளே நிறுத்துவது அவர் வழக்கம். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "வச்சது வச்சபடி இருக்கட்டு. ஒருத்தரும் தொடப்புடாது" என்றார். அப்பன் கண் பாட்டிலை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மழை இருட்டில் அவன் கை மெல்ல நாற்காலிப் பக்கம் நீண்டது. உடனே ஓர் ஆம்பிளைக் குரல் கேட்டது. கரகரவென்று, நாக்குத் தடித்த குரல்.

"ஏட்டீ... சோறு எங்கட்டி? சத்தம் வந்துச்சுன்னா கொன்னு போட்டிருவேன்!"

அப்பன் வாய் மூடியே இருந்தது. குரல் வந்தது அந்தப் பிள்ளையிடமிருந்து. "ஐயோ, எனக்க பிள்ளைக்க மேல ஏறிட்டே!" என்று அம்மாக்காரி அலறினாள். நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

நாற்காலி டாக்டர் அசையவில்லை. "யாருக்க சத்தம் இது?" என்று கேட்டார்.

பிள்ளை மறுபடியும் அதையே சொன்னாள், ஒரு எழுத்துப் பிசகாமல். நீட்டிய கையை அப்பன் மடக்கிக்கொண்டான்.

"பேயும் இல்ல, ஒரு எளவும் இல்ல டாக்டரே. எனக்க சத்தமாக்கும்." பெண்டாட்டி பக்கம் திரும்பி, "நான் இப்பிடியாட்டி பேசுவேன்?" என்று கேட்டான். அவள் முந்தானையைக் கடித்தபடி ஆமாம் என்று தலையாட்டினாள்.

"மக்ளே, இனி உனக்க சத்தத்துல ஒண்ணு சொல்லு" என்றார் நாற்காலி டாக்டர்.

பிள்ளை அப்பன் பக்கம் திரும்பினாள்.

"பயமா இருக்குப்பா."

அன்றைக்கே அவனைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்தும் சிகிச்சைக்குச் சேர்த்தோம். பிறகு ஒருதரம் மறுபடி குடித்து வழுக்கினான். மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், படியேறும்போதே அவனைத் திட்டித் தீர்த்தபடி. அவள் வாய்க்கு இப்போது பூட்டே கிடையாது.

அந்த மழை நாளில் அவர்கள் போனபிறகு பார்த்தால், நாற்காலி டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் வெளுத்துக் கிடந்தது.

"பயந்து போனியளா டாக்டரே?"

"பின்ன? பயப்பிடாம இருக்க நான் என்ன கல்லா மக்கா? கையப் பாரு."

சில்லிட்டு நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். கரண்ட் வந்த பிறகும் விட மனசு வரவில்லை.