நகப்பூச்சால் நின்றுபோன ஆபரேஷன்

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத மச்சான் அவர்களுக்கு,

தங்கள் ஒரே தங்கையின் ஒரே கணவன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. கை வரமாட்டேன் என்கிறது. உங்கள் தங்கை மிகவும் சுகம். அவளுடைய சுகம்தான் இப்போதைக்கு என் வியாதி.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் இடது கை ஐந்து விரலிலும் அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டிருக்கிறாள். ஐந்தும் ஐந்து மிட்டாய் மாதிரி மேஜைமேல் கிடக்கின்றன. காகிதத்தைப் பிடிக்கக் கையில்லாமல் முழங்கையால் அமுக்கிக்கொண்டு எழுதுகிறேன். நகத்தில் பூசிய ஜெல் ஊறிக் கழன்று வரும்வரை அசையக் கூடாதாம். இந்த வயதில் அசையாமல் உட்கார்வது ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் மூக்கு அரிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் குடலிறக்க ஆபரேஷன் இரண்டு முறை நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். ஏன் நின்றது என்று தெரியாது. போனில் கேட்டபோது டாக்டர் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டர் ஊரில்தான் இருந்தார், கத்தியோடு தயாராகவே இருந்தார். என் நகம்தான் சரியில்லை. யோசித்துப் பார்த்தால் இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான் மச்சான், தப்பாக நினைக்காதீர்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வேலையிலிருந்து உங்கள் தங்கை ஓய்வு பெற்றபோது நீங்கள் ஒரு பெட்டி அனுப்பினீர்கள். ‘தங்கச்சிக்குக் கை சும்மா இருக்காது, பொழுது போகட்டும்’ என்று ஒரு சீட்டும் வைத்திருந்தீர்கள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றார்கள். பெட்டியைத் திறந்தால் வண்ண வண்ணமாகக் குப்பி, பூனை மீசை தடிமனில் தூரிகை, புள்ளி வைக்கிற குச்சி, உள்ளே கையை விட்டால் ஊதா வெளிச்சம் அடிக்கிற ஒரு விளக்கு. சரி, தன் நகத்தில் ஏதோ வரைந்துகொள்வாள், நாம் பேப்பர் படிக்கலாம் என்று இருந்துவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். அவளோ வலது கைக்காரி, தன் வலது கையில் தானே வரைய முடியாது. இடது கையில் வரையலாம் என்றால், வருஷக்கணக்காகக் கண்ணாடி தேய்த்து நகமெல்லாம் தகடு தகடாக உரிகிறது. மகளோ கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். கீழ்வீட்டு டீச்சருக்கு நகம் கடிக்கிற பழக்கம். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் பார்வை என்மேல் வந்து நின்றது. குடலிறக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று நான் டாக்டரிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொள்ளவில்லை.

முதலில் சும்மா புள்ளிதான் மச்சான். அந்தக் குச்சி முனையால் சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்து, “பொறிவண்டு, பாருங்க” என்றாள். அப்புறம் கோடு நேராக வரவேண்டும் என்று என் கருவிப்பெட்டியிலிருந்த ஒட்டுநாடா முழுவதையும் தீர்த்தாள். ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் கரைய வேண்டும் என்று பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டி விரலில் ஒற்றினாள், மூன்று நாள் பாத்திரம் நான்தான் வெறும் கையால் தேய்த்தேன், பூச்சு போய்விடக் கூடாது என்று கையுறை போடச் சொன்னாள், கையுறைக்குள் கை நுழையவில்லை. என்னோடு ரயிலில் வேலை பார்த்த டிரைவர் ஒருநாள் பார்க்க வந்தார். அவர் முன்னால் இன்ஜினில், நான் பின்னால் கார்டு பெட்டியில், பாதி ஆயுள் ஒரே வண்டியில் போனவர்கள். அவர் வருகிறார் என்றதும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டேன். மனுஷன் போகும்போது கை கொடுத்தார். கொடுக்காமல் இருக்க முடியுமா? என் கையைப் புரட்டிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். “கட்டை விரல் நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதாவது பரவாயில்லை. என் பல்செட் கதையைக் கேளுங்கள். தண்ணீரில் நகப்பூச்சைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது வளையம் வளையமாக மிதக்குமாம், அதில் விரலை முக்கி எடுத்தால் பளிங்குக் கல் மாதிரி நகத்தில் ஒட்டுமாம். அதற்கு வீட்டில் எத்தனையோ கிண்ணம் இருக்க, அவளுக்கு என் பல்செட் ஊறுகிற டம்ளர்தான் கிடைத்தது. சாயங்காலம் வரைந்துவிட்டுக் கழுவாமல் வைத்துவிட்டாள். நானும் தூக்கக் கலக்கத்தில் பல்லைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டேன். காலையில் எடுத்தால் முன்பல்லில் இளஞ்சிவப்பும் நீலமும் சுழி சுழியாக ஓடுகிறது. கத்தினேன். ஓடிவந்து பார்த்தவள், “ஐயோ” என்றாள். பல்லுக்காக என்று நினைத்தேன். “நகத்துல இவ்வளவு அழகா வரலையே!” என்றாள்.

ஒரே ஒரு தடவை, சரி, நம்மை விடப் போவதில்லை, நமக்குப் பிடித்ததையாவது கேட்போமே என்று, “ஒரு ரயில் வரையேன்” என்றேன். ரயிலுக்கு ஜன்னல் நிறைய, நகம் பத்தாது என்றாள். “அப்ப ஒரு பச்சைக் கொடியாவது வரை. ஒரு குச்சி, ஒரு துணி, அவ்வளவுதானே?” என்றேன். “அதுல வரையறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டாள் மச்சான். நான் கொடி காட்டாமல் ஒரு வண்டி நகர்ந்ததுண்டா? முன்னால் டிரைவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பின்னால் திரும்பி என் கையைத்தான் பார்ப்பார். அந்தக் கையில் இப்போது தர்ப்பூசணி.

இனி ஆபரேஷன். முதல் தடவை ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மோதிரம், பொய்ப்பல், நகப்பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வரவும் என்று போட்டிருந்தது. மோதிரத்தைக் கழற்றினேன். பல்லைக் கழற்றினேன். நகப்பூச்சு என்றிருந்ததைப் பெண்களுக்கு என்று விட்டுவிட்டேன். எந்த ஆண்பிள்ளைக்கும் அப்படித்தானே தோன்றும்? என் விரலில் அப்போது கருநீல வானமும் வெள்ளி நட்சத்திரமும் இருந்தது வாஸ்தவம்தான், ஆனால் பார்த்துப் பார்த்து அது என் சொந்தக் கையாகவே ஆகிவிட்டிருந்தது. படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொடியும் இல்லை, விசிலும் இல்லை, யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துவிட்டார்கள். வேலைக் காலம் முழுக்க வண்டியின் வாலில் நின்றவன் நான், முதல் தடவையாக என் கால் முன்னால் போகிறது. ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று நகத்தின் வழியே பார்க்கிற ஒரு கிளிப்பை விரலில் மாட்டினார் நர்ஸ். மிஷின் கீகீ என்று கத்த ஆரம்பித்தது. மிஷின் கணக்குப்படி நான் பாதி வழி போய்விட்டேன். நர்ஸ் பதறிப்போய் என் கன்னத்தைத் தட்டினார், கண்ணைத் திறந்து பார்த்தார், கடைசியில்தான் கையைப் பார்த்தார்.

“பெரியவரே, இது என்னது?”

“வானம்” என்றேன், பல் இல்லாத வாயால்.

“எது?”

“இது நட்சத்திரம். இந்த விரல்ல நிலா இருக்கு பாருங்க.”

அவ்வளவுதான். அந்த வார்டு, பக்கத்து வார்டு, துடைக்கிறவர், தள்ளுகிறவர் எல்லோரும் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார்கள். எந்த பார்லர் என்று கேட்டார்கள். ஒருத்தி போட்டோ எடுத்தாள். அங்கே யாரிடமும் அழிக்கிற மருந்து இல்லை. டாக்டர் வந்தார், பார்த்தார், அடுத்த ஆளை உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது தடவை இதைவிடக் கேவலம். முந்தின நாள் சாயங்காலம் நான் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை கையைப் பிடித்தாள். காலையில் பார்த்தால் பத்து விரலிலும் பத்துத் தர்ப்பூசணிக் கீற்று, அதுவும் ஜெல். ஜெல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். விளக்கில் காய்ச்சி இறுக்கிவிட்டால் அப்பன் பாட்டன் வந்தாலும் அசையாது. இந்தத் தடவை நர்ஸ் தயாராக ஒரு குப்பி வாங்கி வைத்திருந்தார், பாவம். தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்புதான் கூடியது. “போன தடவை வானம், இந்தத் தடவை பழக்கடையா?” என்றார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா நான் பண்ண மாட்டேன், வேற ஆஸ்பத்திரி பார்த்துக்குங்க. குடல் சிக்கிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து, விளையாட்டுன்னு நினைச்சீங்களா?” என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். தலை குனிந்து வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தை வழி முழுக்க என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டே வந்தது.

வரும் புதன்கிழமை மூன்றாவது தேதி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஆபரேஷனில் ஒரு பயமும் கிடையாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை சுரங்கப்பாதை பார்த்தவன் நான். கும்மிருட்டில் வண்டி நின்றபோதுகூட இறங்கி லாந்தரைப் பிடித்துக்கொண்டு நடந்தவன். மயக்க மருந்து கொடுத்தால் தூங்கப் போகிறோம், எழுந்தால் எழுகிறோம், இதில் பயப்பட என்ன இருக்கிறது. தடையாக இருப்பது உங்கள் தங்கையும் அந்தப் பெட்டியும்தான். நான் சொன்னால் அவள் காதில் ஏறாது. அண்ணன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆகவே நீங்கள் போன் போட்டு நாலு வார்த்தை அதட்டி, பெட்டியைக் கட்டிப் பரண்மேல் போடச் சொல்ல வேண்டும். எனக்கு முடியவில்லை மச்சான். அலுத்துவிட்டது. ஒரு மனுஷன் தன் நகத்தைத் தன் நகமாகப் பார்த்து எத்தனை நாளாகிறது!

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் நல்ல படிப்பும் நல்ல வேலையும் நகம் வெட்டுகிற பழக்கமும் பெற்று நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
பத்து விரலையும் பறிகொடுத்த தங்கள் தங்கை கணவன்

(வலது கைக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிடுகிறாள். பத்து விரலிலும் தாள் சுற்றினால் உறையை ஒட்ட முடியாது. அவளிடமே கொடுத்து ஒட்டச் சொல்லப் போகிறேன். கவலை வேண்டாம், அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.)

பின்குறிப்பு:

அண்ணா, நான்தான். முழுக்கப் படிச்சேன். அவர் பத்து விரலும் மடக்க முடியாம உட்கார்ந்திருக்கார், பிடுங்க முடியாது.

பெட்டியைத் தினம் எடுத்து மேஜையில வைக்கிறதே அவர்தான். சாயங்காலம் ஆனா கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து நீட்டிடுவார். டிரைவர் கட்டை விரலை நல்லா இருக்குன்னு சொன்னதை அன்னைக்கு மட்டும் நாலு தடவை சொன்னார். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நான் பஞ்சும் மருந்தும் எடுத்து வெச்சேன், “அது பொம்பளைங்களுக்கு”ன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டார்.

இரண்டாவது தடவை நான் கையைப் பிடிக்கலை. அவரா வந்து நீட்டினார். “சாதாரணப் பூச்சு வேண்டாம், ஜெல்லே போடு, அதுதானே சீக்கிரம் அழியாது?”ன்னு கேட்டார். விளக்குல காய்ஞ்ச அப்புறமும் கையை வெளியே எடுக்கவே இல்லை அண்ணா. எனக்குப் புரிஞ்சுபோச்சு, ஆனா ஒண்ணும் கேட்கலை. கேட்டா சுரங்கப்பாதைக் கதையை ஆரம்பிச்சுடுவார்.

தெரிஞ்சும் நீ ஏன் போட்டேன்னு நீங்க கேட்பீங்க. அந்தக் கதவுக்கு உள்ளே அவரைத் தள்ளிட்டுப் போறதை நினைச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு. தர்ப்பூசணிக்கு ஒவ்வொரு விதையா நிதானமா வெச்சேன். இன்னும் கொஞ்ச நாள் இவர் இப்படியே என் எதிர்ல உட்கார்ந்திருக்கட்டும்னுதான் வெச்சேன். தப்புதான். டாக்டர் திட்டினது அவருக்கு இல்லை, எனக்குத்தான் சேரணும்.

அதனால போன்ல அதட்ட வேண்டாம். புதன்கிழமை காலையில நேர்ல வாங்க. அவர்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் சும்மா பேசிக்கிட்டு வந்தா போதும், ரயிலைப் பத்திக் கேளுங்க. இந்தத் தடவை அவர் கையில ஒண்ணும் இருக்காது, நான் பொறுப்பு. என் கையிலதான் இருக்கும். வலது கட்டை விரல்ல ஒரு பச்சைக் கொடி வரையப்போறேன், இடது கையால. இரண்டு நாளாப் பழகுறேன், கொடிக்கம்பு கோணலாத்தான் வருது. வரையறதுக்கு என்ன இருக்குன்னு நான் கேட்டது தப்புன்னு இப்பத்தான் தெரியுது. நீங்களும் அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடாதீங்க. கதவுகிட்ட போய் அவர் திரும்பிப் பார்ப்பார் இல்லையா, அப்பத்தான் கையைத் தூக்கிக் காட்டுவேன்.