சதுரங்கப்பட்டினத்துல சம்பந்தியோட குடுமி

தங்கச்சிய பொண்ணு பாக்க மெட்ராஸ்லேந்து காஞ்சிபுரத்துக்கு வந்தாங்க. எல்லாரும் திரும்பிட்டாங்க, மாப்ளயோட அப்பா மட்டும் தங்கிட்டார். அவருக்கு சதுரங்கப்பட்டினம் கோட்டைய பாக்கணுமாம். பாத்துட்டு வந்துதான் சம்மதமா இல்லியான்னு சொல்லுவாராம்.

"நீயே கூட்டினு போ. அவரு மனசு கோணக்கூடாது. வாய மட்டும் தொறக்காத"ன்னு அம்மா சொன்னாங்க.

தறிய நிறுத்திட்டு கிளம்பினேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம்னு பஸ் மாறி போய் எறங்கறதுக்குள்ள இடுப்பு கழண்டுடுச்சு.

கோட்டையாம் கோட்டை. டச்சுக்காரன் கட்டினதாம். இடிஞ்ச செவுரு, முள்ளுச்செடி, உள்ள மேயற ஆடு. இத பாக்கத்தான் அவரு சரிகை வேட்டி கட்டிக்கினு வந்திருந்தார்.

"இன்னா மாமா, இவ்ளோதானா?"ன்னு கேட்டுட்டேன்.

"உனக்கு சரித்திரம் தெரியுமா?"

"தெரியாது மாமா. ஆடுதான் தெரியுது."

அவரு மூஞ்சி சுண்டிப்போச்சு. சமாதானம் பண்ணலாம்னு கடற்கரைக்கு கூட்டினு போனேன்.

அங்க மீனவங்க கழி நட்டு வலைய காயப் போட்டிருந்தாங்க. ஒரு பக்கம் முழங்காலுக்கு தொங்கினு கெடந்துது. மாமா வேட்டிய தூக்கிக்கினு அத தாண்டப் போனார்.

எனக்கு திக்குனு ஆயிடுச்சு. எங்க தெருவுல விடிகாலையில தறிக்கு பாவு நூல நீட்டி கட்டியிருந்தா, ஒரு பய தாண்ட மாட்டான். தாண்டினா தொழில மிதிச்ச மாதிரி. குனிஞ்சு அடியில பூந்துதான் போவான்.

"தாண்டக்கூடாது மாமா, பாவம். இப்டி ஒசரமா இருக்கற பக்கம் குனிஞ்சு வாங்க"ன்னேன். சுத்திப் போனா ஆச்சு. அந்த அறிவு எனக்கு எங்கேந்து வரும்?

குனிஞ்சார். குடுமி மாட்டிக்கிச்சு. திரும்பினார். கண்ணாடியும் மாட்டிக்கிச்சு.

"டேய், எடுடா"ன்னு கத்தறார். எடுக்க எடுக்க சிக்கு ஏறுது. மடியில எப்பவும் இருக்கற நூல் கத்தரிக்கோல எடுத்தேன். குடுமிய வெட்டினா சம்பந்தம் போச்சு. அதனால வலைய வெட்டினேன்.

அந்த நேரம் பாத்து வலைக்கார அம்மா வந்துட்டாங்க.

"யாருய்யா என் வலைய அறுத்தது?"

"கவலப்படாதம்மா. நான் காஞ்சிபுரத்து நெசவுக்காரன். அறுந்த இழைய முடியறதுதான் எனக்கு பொழப்பே. முடிச்ச இடமே தெரியாது பாரு."

சம்பந்தி எதிர்லயே சம்மணம் போட்டு உக்காந்து, விரல்ல எச்சி தொட்டு, நைசா முடிச்சு போட்டேன். பெருமைய பாக்கணுமே எனக்கு.

அந்தம்மா ஒத்த விரலால இழுத்தாங்க. அத்தனயும் பொலபொலன்னு அவுந்துது.

"இடம் தெரியாதுன்னு சொன்னியே, சரியாத்தான் சொன்ன"ன்னாங்க. "எங்க வூட்டுக்காரரு வந்து கட்டற வரைக்கும் ஆளுக்கு ஒரு முனைய புடிங்க. அசையாதீங்க."

வெயில்ல நின்னோம். அவுந்த குடுமி காத்துல பறக்க, சம்பந்தி வலையோட ஒரு முனைய புடிச்சிக்கினு என்னயே மொறச்சிக்கினு இருந்தார். தங்கச்சி வாழ்க்கைய ஒரு வலையில போட்டு கெடுத்துட்டேனேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மறுநாள் காலையில எங்க வீட்டுல காபி குடிச்சிட்டு சம்பந்தி எங்கப்பாகிட்ட சொன்னார்: "பொண்ணு எங்களுக்கு புடிச்சிருக்குது. எனக்கு சம்மதம். ஆனா தாலி முடியற நேரத்துல உங்க பையன் மேடைப் பக்கமே வரக்கூடாது."

என் ஒரே தங்கச்சிக்கு தாலி ஏறினத, பந்தியில எல போட்டுக்கினே மேளச் சத்தத்த வச்சுத்தான் தெரிஞ்சிக்கினேன்.