கிணற்றடியில் ஒரு தனி இலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மயிலாப்பூரில் எங்களைப் பட்டினி போடும் வல்லமை இரண்டுக்குத்தான் இருந்தது. ஒன்று ஏகாதசி. மற்றொன்று, எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட, நாங்கள் 'கோபுர தரிசனம்' என்று பெயர் வைத்திருந்த மனிதர்.

அவர் ஒரு வக்கீல் குமாஸ்தா, நாற்பது வயது. நாலு கவளம் போனதும் விருட்டென்று எழுந்து, இரு கைகளாலும் செம்பைத் தலைக்கு மேல் தூக்கி, எக்கி நின்று அண்ணாந்து தண்ணீர் முழுவதையும் குடிப்பார். நெஞ்சில் நிற்கும் சோறு இறங்க அதுதான் வழியாம். கோபுரத்தைக் கும்பிடுவது போலவே இருக்கும்.

பந்தியில் ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் எழுந்துவிட வேண்டும் என்பது மெஸ்காரரின் ஆசாரம். ரசத்தோடு கரையேறிய நாட்கள் எத்தனையோ. ஒருநாள் பாயச வாளி சமையலறை வாசலைத் தாண்டும்போது மனிதர் எழுந்துவிட்டார். பதினெட்டுப் பேர் அந்த வாளிக்குக் கண்ணாலேயே விடை கொடுத்தோம்.

நான் அப்போது வைத்தியக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். மெஸ்ஸுக்குக் காரியதரிசியும் நானே. அவருக்கு வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்று முன்பே தீர்ப்புச் சொல்லி, சோடா உப்புக் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் குடித்தார். ஏப்பம் வந்தது, சோறு இறங்கவில்லை.

"டாக்டர், மேலே வரது புளிக்கவே இல்லையே. போட்ட பருப்புசாதம் அப்படியேன்னா வரது? வயித்துக்கே போகலைன்னு தோணறது."

குமாஸ்தா வேலையை நீங்கள் பாருங்கள், வைத்தியத்தை நான் பார்க்கிறேன் என்றேன். பாயசம் போன மறுநாள், அவருக்கு இனிக் கிணற்றடியில் தனி இலை என்று தீர்மானம் எழுதி நானே கையெழுத்தும் போட்டேன்.

அவர் சண்டை போடவில்லை, சாப்பாட்டையும் விடவில்லை. இரண்டு வருஷம், மழை நாளில் ஒரு கையில் குடையோடு, எக்கி எக்கி ஒவ்வொரு கவளத்தையும் இறக்கினார். சட்டை மட்டும் மாதாமாதம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நாலாம் வருஷத்தில் பேராசிரியர் ஓர் எக்ஸ்ரே படம் காட்டினார். உணவுக்குழாய் தள்ளுவதை நிறுத்திவிட்டது; அதன் அடிவாய் திறக்க மறுக்கிறது; சோறு குழாயிலேயே தங்கித் திரும்பி வருகிறது. இதை அமிலம் என்று நினைத்துச் சோடா உப்புக் கொடுப்பவன் மூடன் என்றார். வகுப்பே சிரித்தது.

அன்றே கிணற்றடிக்குப் போய், தப்பு என்னுடையது, இதற்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை உண்டு என்று சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு, "எப்போ போகலாம்?" என்றார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில், மூடிய அடிவாயைக் கனத்தால் திறக்க, பாதரசம் அடைத்த ரப்பர்க் குழாயை விழுங்கச் சொன்னார்கள். பயில்வான்களே பின்வாசல் வழியாக ஓடிய சிகிச்சை அது. இவர் பல வாரங்கள் தவறாமல் போய் விழுங்கினார்.

பிறகு ஒருநாள் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாம்பார், ரசம், மோர். ஒரு தடவைகூட எழவில்லை. எனக்குத்தான் கவளம் எடுக்கக் கை வரவில்லை. எல்லோரும் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"மெதுவா சாப்பிடுங்கோ டாக்டர். நான் எழுந்துக்க மாட்டேன்."