அக்காவுக்கும் பிரபஞ்சத்துக்கும் வயது சொன்ன ஞாயிறு

என்னுடைய 1995ஆம் ஆண்டு நாட்குறிப்பில், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றுக்குக் கீழே இப்படி இருக்கிறது: "மாலை 4.10 உரை தொடக்கம். 4.35 அளவில் அக்காவின் கல்யாணத்தைக் குழப்பினேன். 5.20 தேநீர், கட்லட். (கட்லட் நன்றாக இருந்தது.)"

அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் அன்றைக்கேதான் எழுதினேன். அதிலிருந்தே நான் எப்படிப்பட்டவன் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. யாராவது "போன வருஷம் மழை நேரம்" என்று கதையைத் தொடங்கினால், "போன வருஷமில்லை, அதுக்கு முந்தின வருஷம், ஐப்பசி" என்று திருத்திவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்பேன். எனக்குக் கதை சொல்ல வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். இந்தக் குணத்தால் வீட்டுக்கு இருந்த பயன் ஒன்றே ஒன்றுதான். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் தமிழர் வீடென்றால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதியவேண்டிய காலம். அந்தப் படிவத்தை நிரப்புவது என் பொறுப்பு. எல்லோருடைய பிறந்த திகதியும் அடையாள அட்டை எண்ணும் எனக்கு மனப்பாடம்.

வீட்டார் முடிந்ததும் பிரபஞ்சத்தின் பிறந்த ஆண்டில் ஆசை வந்தது. நூலகத்துக்குப் பிந்திவரும் சஞ்சிகைகளில் அப்போது அதுதான் பெரிய சண்டை. விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கிக்கு முதலில் பார்வைக் குறை இருந்தது. மனிதர்கள் மேலே போய்க் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தபின், அது தூரத்து மண்டலமொன்றில் விட்டுவிட்டு ஒளிரும் நட்சத்திரங்களைப் பார்த்துத் தூரத்தை அளந்தது. அந்தத் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பிரபஞ்சத்துக்கு வயது ஏறக்குறைய ஆயிரம் கோடி ஆண்டு. ஆனால் அதற்குள்ளே இருக்கும் மிகப் பழைய நட்சத்திரங்களுக்கு ஆயிரத்து நானூறு கோடிக்கு மேல். பிள்ளைக்குத் தாயைவிட வயது கூட! கோட்பாடு பிழையா, அளவை பிழையா? எனக்கு நித்திரை போய்விட்டது.

வெள்ளவத்தை வாசகர் வட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். வீட்டில் சொன்னதும், வானத்தைக் கொடியில் காயும் உடுப்புக்காக மட்டுமே பார்க்கிற அம்மா, "நாங்களும் வாறம்" என்றார்.

"அம்மா, ஒரு மணித்தியாலத்துக்கு நட்சத்திரத்தைப் பற்றித்தான் கதைப்பன்."

"கதை, கதை. ஆறுதலாக் கதை. முன்வரிசையில வெளிச்சம் காணுமோ?"

குறிப்பெடுக்கத்தான் வெளிச்சம் கேட்கிறார் என்று நினைத்தேன். கண் கலங்கியது.

எனக்குத் தெரியாமல் நடந்தது இது. பிலோமினா அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். மரியதாஸ் என்று பெயர், சொந்த ஊர் யாழ்ப்பாணம், வேலை கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கம்பனியில். வீட்டுக்கு வந்து பெண் பார்த்துச் சரிவராவிட்டால் பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். கூட்டமொன்றில் பார்த்தால் பார்த்ததாகவும் இருக்கும், பார்க்காததாகவும் இருக்கும். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்கள் "இருபத்தொன்பது" என்ற சொல்லைக் கேட்டதும் போய்விட்டதால், அம்மா இந்த முறை மூன்றைக் கழித்து இருபத்தாறு என்று சொல்லியிருந்தார். கோயிலில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்களே என்று அக்கா வாதாடியபோது, "அதுக்குள்ள மனசு ஒத்துப்போயிடும்" என்றாராம்.

என்னிடம் ஏன் மறைத்தார்கள்? "அவனுக்குச் சொன்னா அங்கேயே திருத்திப்போடுவான்." (நியாயமான பயம்.)

இன்னொரு ஆபத்தும் இருந்தது. வழியெங்கும் சோதனைச் சாவடி. அடையாள அட்டை இல்லாமல் நாங்கள் படலையைத் தாண்ட முடியாது, அதன் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. "அவையள் பக்கத்தில நிக்கேக்குள்ள செக் பண்ணினா அந்த இடத்தில விரலை வச்சு நீட்டு" என்று அம்மா அக்காவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

"விரலால மறைச்சா என்னை உள்ள போடுவாங்கள். உள்ள இருந்தா வயசு இன்னும் கூடும் அம்மா."

வழியில் பஸ்ஸை மறித்த சிப்பாய் ஒருவர் அக்காவின் அட்டையை விட்டுவிட்டு உரைக்கென்று நான் கொண்டுபோன வான வரைபடச் சுருளைத்தான் பிடித்தார். "மே மொகத?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். "ஆகாசய" என்றேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், போகச் சொன்னார்.

மண்டபம் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில். நான் நல்ல வசனம் சொல்லும்போதெல்லாம் ஒரு ரயில் வந்து அதைக் கொண்டுபோனது. இருந்தும் விடாமல் தூரம், வேகம், விரிவு என்று போனேன். பின்வரிசையில் தலைகள் சாயத் தொடங்கின. கேட்பவர்களுக்கு உதாரணம் வேண்டும் என்று ஏதோ புத்தகத்தில் வாசித்திருந்தேன்.

"இப்ப என்னையே எடுங்கோ" என்றேன். "நான் பிறந்தது அறுபத்தேழு. இந்தா, முன்வரிசையில மயில்பச்சைச் சேலையோட இருக்கிறது என்ட அக்கா. அறுபத்தைஞ்சு."

தலைகள் நிமிர்ந்தன. உற்சாகம் தலைக்கேறியது.

"ஒருத்தர் வந்து அக்காவுக்கு, சும்மா ஒரு பேச்சுக்கு, இருபத்தாறு வயசு எண்டு சொன்னால் நீங்கள் நம்புவீங்களோ? அப்ப தம்பி அக்காவைவிட மூத்தவன்! ஒண்டில் சொன்னவர் பிழையா அளந்திருக்கவேணும், இல்லாட்டி அவர் நம்புற கோட்பாடே பிழை. இந்தச் சிக்கல்லதான் பிரபஞ்சம் மாட்டியிருக்கு!"

மண்டபம் சிரித்தது. ஆறாவது வரிசையில் ஒரு அம்மா மட்டும் சிரிக்காமல் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார். என் அம்மா கண்ணை மூடிச் செபமாலையைப் பிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ரயிலும் வரவில்லை.

கேள்வி நேரம் வந்தது. ஆறாவது வரிசையில், எண்ணி முடித்திருந்த அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு நெட்டையான மனிதர் எழும்பினார்.

"தம்பி, இந்த அளவையளில பிழை எவ்வளவு இருக்கும்?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே பிறந்தேன்! "நல்லாவே இருக்கும் அண்ணை. எந்த அளவையையும் பிழை எல்லையோட சேர்த்துத்தான் சொல்லவேணும்."

"ஒரு பக்கம் மட்டுமோ? மற்றப் பக்கத்திலயும் பிழை இருக்கலாம் எல்லோ?"

"ஓம், ரெண்டு பக்கமும் இருக்கலாம்."

"கேட்டனீங்களோ அம்மா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்தபடி ஜன்னலைப் பார்த்தார்.

தேநீர் மேசையில் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "நாசமாக்கிப் போட்டாய். கேள்வி கேட்டதுதான்டா மாப்பிள்ளை!" முழு விஷயத்தையும் இரண்டு வசனத்தில் சொன்னார். கடித்த கட்லட்டைத் தட்டில் திருப்பி வைத்தேன். இரண்டு முறை பேசிக் குழம்பி, ஆறு மாதமாக எங்கும் போகாமல் இருந்த அக்காவை அம்மா மயில்பச்சை உடுத்திக் கூட்டிவர, நூறு பேருக்கு முன்னால் நான் அவவின் வயதை நிறுத்துப் போட்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். மண்டப வாசலில் அந்த நெட்டையர் அக்காவுக்கு முன்னால் நின்று சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"எனக்கு முப்பது எண்டு சொல்லியிருப்பினம். பாருங்கோ."

அக்கா வாங்கிப் பார்த்தா. அறுபத்திரண்டு. தன் கைப்பையைத் திறந்து தன்னுடையதை நீட்டினா, விரல் வைக்காமல்.

"உங்கட படத்தில நல்லாக் கோபமா இருக்கிறீங்கள்" என்றார் அவர்.

"அது எங்கட அம்மா பக்கத்தில நிண்டவ."

சாவடியில் நூறு முறை பயத்தோடு நீட்டிய அட்டையை ஒருவர் சிரித்துக்கொண்டு பார்த்தது அன்றுதான் என்று அக்கா பிறகு சொன்னா. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா என்னை விட்டுத் தள்ளி முன்சீட்டில் போய் இருந்தார். அக்கா மட்டும் காதோடு, "சனியனே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றா.

அடுத்த ஆண்டு கல்யாணம். வாழ்த்துரை சொல்ல எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வயது கேட்டால், "யாரிண்ட அளவை?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார்கள். அக்காவின் மகள் கூட நேர்முகத் தேர்வொன்றில் வாய்தவறி அப்படிக் கேட்டுவிட்டாள்.

பிரபஞ்சத்தின் சிக்கலும் தீர்ந்தது. வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை அளந்தவர்கள், விரிவு வேகம் கூடிக்கொண்டு போகிறது என்று கண்டதில் பிரபஞ்சத்தின் வயது ஏறியது. பழைய நட்சத்திரங்களின் வயதும் கொஞ்சம் இறங்கியது. எனக்கு அத்தானாகிவிட்ட மரியதாஸ் அன்று கேட்டதுபோல இரண்டு பக்கமும் பிழை. இப்போது ஏறக்குறைய ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி ஆண்டு என்கிறார்கள்.

அத்தானின் வயதுதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் அவர் பிறப்பையே பதிந்தார்களாம். 1962 என்பது எழுதுவினைஞர் கேட்டபோது தகப்பன் வாயில் வந்த ஆண்டு. அவரின் தாயோ சாகும்வரை 1964 என்றே நின்றார். சரியானது யாழ்ப்பாணக் கரையோரப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும். 1995இன் பின்பகுதியில் ஊரே இடம்பெயர்ந்ததோடு அந்தப் பதிவேடு எங்கே போனதென்று தெரியவில்லை; கல்யாணத்துக்கே சத்தியக் கடதாசிதான் கொடுத்தார்கள். இதுவரை மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். ஆகவே அத்தான் பிறந்த ஆண்டு, இதை எழுதும்வரை, உறுதிப்படுத்தப்படவில்லை.