கெமராவுக்கு முன்னால் விழுந்த டெஸ்டர் அண்ணன்

பதுளை மாவட்டத்தில் டெஸ்டர் அண்ணன் சோதித்துப் பார்க்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. கடவுளையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தார் என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை. நம்பினாலும் எழுத மாட்டேன். நாளைக்குக் காலையில் அம்மன் கோயிலில் விளக்கேற்ற வேண்டியவன் நான்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கும். மற்றபடி யாருக்கும் தெரியாது. தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பக்கம் வேலை பார்த்த காலத்தில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்றைச் சட்டைப் பையில் சொருகினார். பென்ஷன் வந்தது, மெஷின் போனது, டெஸ்டர் மட்டும் பையை விட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார், சாவு வீட்டுக்கும் அதோடுதான் வருவார்.

ஒருமுறை அவரோடு பதுளை பஜாருக்குக் குடை வாங்கப் போனேன். நல்ல மழை. அண்ணன் குடையை விரித்தார், மடக்கினார், கம்பியை எண்ணினார். பிறகு கடைக்கார நானாவிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார்.

"தண்ணி எதுக்கு?"

"குடை மேல ஊத்திப் பார்க்கத்தான் நானா."

"வெளிய மழ பெய்யுதுதானே. புடிச்சிட்டுப் போய் நின்னு பாருங்களேன்!"

"நனைஞ்சிட்டா என்னா செய்யிறது? கையில குடை இல்லாமதானே வந்திருக்கேன்."

நானா என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

கோயிலுக்குப் புது மணி வாங்கியபோது, சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்க்க வேண்டுமென்றார். பூசாரியை விடாமல் மணி அடிக்கச் சொல்லிவிட்டு, ஹாலிஎல டவுன் வரை நடந்து இறங்கினார். போகிற வழியெல்லாம் நின்று நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் பூசாரி ஒன்றரை மணி நேரம் அடித்தார். மேல் தோட்டத்து ஆட்கள் ஏதோ ஆபத்து என்று சட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசியில் அண்ணன் மூச்சு வாங்க ஏறி வந்து, "பாலத்துக்கு அங்கிட்டு ஒண்ணும் கேக்கல பூசாரி. நடுவுல நிப்பாட்டிட்டீங்களா?" என்றார். பூசாரியால் பதில் சொல்ல முடிந்தது. கையைத் தூக்கத்தான் முடியவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் வீட்டுக் கெமரா மாட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரி செல்லம்மா போன வருடம் மழைக்காலத்தில், தண்ணீர் வாளியோடு வாசலில் வழுக்கி விழுந்துவிட்டாள். நான் கோயிலில் இருந்தேன். அரை மணி நேரம் ஈரத்தில் கிடந்திருக்கிறாள். அம்மன் புண்ணியத்தில் எலும்பு முறியவில்லை. ஆனால் வத்தளையில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகள் சுமதிக்கு மனது முறிந்துவிட்டது.

"அங்க தனியா கெடந்தது போதும். ரெண்டு பேரும் இங்க வந்துருங்க" என்று போனில் அழுதாள்.

வத்தளை நல்ல ஊர்தான். ஆனால் அங்கே மூன்றாம் மாடி. செல்லம்மா கறிவேப்பிலைக் கன்றை எங்கே நடுவாள்? நான் காலையில் எந்த அம்மனுக்கு விளக்கேற்றுவேன்? கெஞ்சிப் பார்த்தோம். கடைசியில் சுமதி ஒரு மாதத் தவணை கொடுத்தாள். ஒரு கெமரா அனுப்புவாள். கம்பி வேண்டாம், கரண்ட் வேண்டாம், பேட்டரியில் ஓடும், உள்ளேயே சிம் இருக்கும். வாசலில் மாட்டினால் அவள் போனில் நாங்கள் தெரிவோம், ஆள் நடமாடினால் மணி அடிக்கும். ஒழுங்காக வேலை செய்தால் நாங்கள் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேன் வரும்.

பார்சல் வந்ததும் நான் செய்த முதல் வேலை, அதை அம்மன் காலடியில் வைத்து எடுத்ததுதான். புது ஓட்டோ வாங்கினாலும் புதுத் தையல் மெஷின் வாங்கினாலும் செய்கிறதுதானே. திருநீறும் சந்தனமும் பூசி, குங்குமப் பொட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து கூரை ஓரத்தில் மாட்டி, கண்ணூறு படாமல் இருக்க எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்துத் தொங்கவிட்டேன்.

சுமதி போனில் சொன்னாள்: "அப்பா, எல்லாம் செவப்பா இருக்கு."

பக்கத்து வீட்டிலிருந்து டெஸ்டர் அண்ணன் ஏணியோடு வந்துவிட்டார். நாங்கள் கூப்பிடவில்லை. பார்சல் பெட்டியின் வாசனை அவருக்கு எட்டியிருக்க வேண்டும்.

சிம்மைக் கழற்றிப் போட்டார். சிவப்பு. பேட்டரியை மறுபடி ஏற்றினார். சிவப்பு. சிக்னல் பிடிக்கவில்லை என்று கெமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசலைச் சுற்றினார், கோழிக்கூட்டின் மேல் ஏறினார், பிறகு பண்டாரவளைப் பக்கமிருந்து வருகிற மூடுபனியால்தான் இப்படி என்றார்.

"மூடுபனி வெள்ளையாதானே இருக்கும் பெரியப்பா?" என்றாள் சுமதி.

"அது நம்ம கண்ணுக்கு. கெமராவுக்கு எப்படியோ யாருக்குத் தெரியும்?"

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் செல்லம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஏணிக்குக் கீழே வந்து நின்றாள். மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க, சாமிக்கே பொட்டை நெத்தியிலதான் வைப்போம். நீங்க கண்ணுலயே வச்சிருக்கீங்களே!"

கண்ணாடியின் நடுவிலேதான் வைத்திருந்தேன். அதுதான் நெற்றி என்று நினைத்தேன். அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்தார். மூன்று நாளில் முதன்முறையாக சுமதி எங்களைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. "மூணு மாசம் தாங்கும்" என்று பெட்டியில் எழுதியிருந்த பேட்டரி இரண்டே நாளில் செத்துப்போனது. சுமதியின் போனில் விடாமல் மணி. ஆள் வருகிறதாம், ஆள் வருகிறதாம். படத்தில் பார்த்தால் ஒருவரும் இல்லை. அண்ணன் ஒரு நாற்காலியைப் போட்டு, கெமராவுக்கு நேராக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார். சாயங்காலம் ரகசியமாக என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒங்க எலுமிச்சம்பழம்தான் காத்துல ஆடுது. அது ஆட்டத்தை ஆளுன்னு நெனைக்குது."

"அண்ணே, அதைக் கழட்ட மாட்டேன்."

"யாரு கழட்டச் சொன்னா? கெமராவுக்கு முதுகுப் பக்கம் கட்டுங்க. கண்ணூறு எந்தப் பக்கம் இருந்து வந்தா என்னா?"

இவர் சாமி இல்லாதவர் என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "எத்தனை அடி தூரத்துல ஆளைப் புடிக்குதுன்னு பார்க்கணும்" என்றார். கொழுந்து பறிக்கிற பெண்கள் மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கி வருகிற நேரம் பார்த்து, எங்கள் வாசலில் பெரட்டு வைத்துவிட்டார். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. முன் வரிசை ஐந்து அடியில், பின் வரிசை பத்து அடியில், கடைசி வரிசை கோழிக்கூட்டுக்கு அந்தப் பக்கம். முப்பது வருடம் பெரட்டில் நின்று பழகிய உடம்புகள், சொன்னதும் வரிசையில் நின்றுவிட்டன.

"யாரும் சிரிக்கக்கூடாது. அசையாம நில்லுங்க. கூப்பிட்டா மட்டும் கையைத் தூக்குங்க."

"கங்காணி வேலை போட்டாச்சா மாமா?" என்றாள் ஒருத்தி.

"அரை நாள் சம்பளத்துக்காவது பேர் போடுவீங்களா?" என்றாள் இன்னொருத்தி.

அதே நேரம் வத்தளையில் சுமதியின் போன் அலறியிருக்கிறது. திறந்து பார்த்தால், பெற்ற வீட்டு வாசலில் ஐம்பது பேர் வரிசையாக, தலை குனிந்து, பேச்சில்லாமல் நிற்கிறார்கள். எந்த மாதிரி வீட்டுக்கு முன்னால் ஆட்கள் அப்படி நிற்பார்கள்?

போனை எடுத்ததும் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்பா! அம்மா எங்க? அம்மாவுக்கு என்னா ஆச்சு?"

செல்லம்மாவே போனை வாங்கி, "நான்தான்டி பேசுறேன், கீரை கடையுறேன்டி" என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. நின்றதும் கோபம் வந்தது. "கெமராவும் வேணாம், ஒண்ணும் வேணாம். சொன்ன மாதிரி ஞாயித்துக்கெழமை வேன் கொண்டு வாறேன். துணிமணியக் கட்டி வைங்க."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மாதமும் முடிகிற நேரம். நான் கோயிலுக்குப் போய் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் டெஸ்டர் அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். கையில் ஒரு வாளித் தண்ணீர்.

"மகளுக்குப் போன் போடுங்க தம்பி. அவ பயப்படுறது எதுக்கு? அம்மா விழுந்தா தெரியாதேன்னு. நம்ம நடந்து பார்த்தோம், நின்னு பார்த்தோம். விழுந்து பார்த்தோமா?"

"அண்ணே, ஒங்களுக்கு அறுபத்தெட்டு வயசு."

"அதான் சரி. சின்னப் பயலுக விழுந்தா கணக்கில்ல."

சுமதி வேண்டா வெறுப்பாகப் போனை எடுத்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணன் வாளியோடு நடந்து வந்து, "விழுறேன்!" என்று அறிவித்துவிட்டுப் பக்கவாட்டில் விழுந்தார். எழுந்தார். "காட்டுச்சா மகள்?"

"காட்டுச்சு பெரியப்பா. போதும்."

முன்பக்கமாக விழுந்தார். காட்டியது. குந்தினாற்போல விழுந்தார். அதையும் காட்டியது. வேலியோரம் பெண்கள் கூடிவிட்டார்கள். "மாமா, இந்தப் பக்கம் திரும்பி விழுங்க, சரியாத் தெரியல" என்று ஒரு குரல். சிரிப்பு அடங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வாளியிலிருந்து சிந்திய தண்ணீரெல்லாம் சேர்ந்து வாசல் சேறாகிவிட்டது. நாலாவது தடவை அவர் "விழுறேன்" என்று சொல்லவில்லை. அப்படியே கால் வழுக்கி மல்லாந்தார். வாளி உருண்டது.

"இதுதான் அண்ணே அசல்!" என்றேன் நான். செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலியோரம் கைதட்டல்.

ஸ்பீக்கரிலிருந்து சுமதியின் குரல் வந்தது. "சிரிக்காதீங்கப்பா. பெரியப்பா எந்திரிக்கல. கால் ஒரு மாதிரி திரும்பியிருக்கு, பாருங்க. அவர் நடிக்கல அப்பா, தூக்குங்க!"

ஐந்து அடி தூரத்தில் நின்ற எங்கள் யாருக்கும் தெரியாதது, வத்தளையில் இருந்தவளுக்குத் தெரிந்தது.

ஓட்டோவில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கணுக்காலில் முறிவு. வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், ஊவா மலைப் பாதையின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு "முருகா" சொன்னார். நான் எண்ணவில்லை, ஆனால் நிறைய இருந்தது. நடுவில் ஒருமுறை என் கையைப் பிடித்து, "எத்தனை செக்கன்ல காட்டுச்சுன்னு மகள்கிட்ட கேட்டீங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. மூட்டையைக் கட்டி வைத்திருந்தோம். சுமதி மூட்டையைப் பார்க்கவே இல்லை. தைலப் போத்தலும் சுடுதண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். அண்ணன் சுவரில் சாய்ந்து, மாவுக்கட்டை டெஸ்டரால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாக் காஞ்சிருச்சான்னு பார்க்கிறேன் மகள்."

அவருக்கு மனைவி போய்ப் பல வருடம். பிள்ளை இல்லை. அந்த வீட்டில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு பாய். இத்தனை வருடமாக நான் உள்ளே போய் வந்த வீடுதான். அன்றைக்கு மகளோடு நின்று பார்த்தபோதுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. நாங்கள் விழுந்தால் பார்க்க வத்தளையில் ஒருத்தி இருக்கிறாள்.

சாயங்காலம் வேனில் ஏறும்போது சுமதி கெமராவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்கப்பா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கெமராவைக் கொஞ்சம் எடது பக்கம் திருப்பி வைங்க. பெரியப்பா வீட்டு வாசலும் தெரியட்டும். அவர்கிட்டச் சொல்லிறாதீங்க" என்றாள்.

மூன்று விரல் அளவு திருப்பினேன். எங்கள் வாசலில் பாதி, அவர் வாசலில் பாதி.

கட்டுப் பிரித்து நடக்கத் தொடங்கியதும் அண்ணன் முதலில் கவனித்தது அதைத்தான். "கெமரா கோணலா இருக்கே தம்பி?" என்றார். காற்று என்றேன். அம்மன் என்னை மன்னிக்கட்டும். மறுநாள் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தோடு வந்து நேராக்கிவிட்டுப் போனார். அவர் போனதும் நான் ஏணியை எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். காலையில் அவர் நொண்டி நொண்டி வந்து, இந்த மலைக்காற்றைத் திட்டிக்கொண்டே நேராக்குகிறார். நான் விளக்கேற்றிவிட்டு வந்து, மறுபடி அவர் பக்கம் திருப்பி வைக்கிறேன்.