கண்டங்கத்தரி கேட்டு ஒரு மனு

ஒரு காட்டில், அதுவும் மூன்று வருஷமாக மழை எட்டிப் பார்க்காத காட்டில், கோமதிநாயகம் என்றொரு முயல் இருந்தது. பாவம், அதற்கு இருமல். நமக்கு இருமல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் முகம் சுளிப்பான், அவ்வளவுதான். முயலுக்கு வந்தால் சிறுத்தைக்குத் தகவல் போய்விடும்.

மருந்து வளை வாசலிலேயே இருந்தது. எல்லாம் கருகிய பூமியில் கண்டங்கத்தரி மட்டும் உடம்பெல்லாம் முள்ளோடு ஜம்மென்று படர்ந்து கிடந்தது. முன்பெல்லாம் செடியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாலு கொத்துப் பறித்துக் கஷாயம் வைப்பார்கள். போன மாசம் மூலிகைத் துறை வந்து, முள்செடியைக் காப்பாற்ற அதைச் சுற்றி முள்வேலி போட்டது. என்னே அறிவு! இனி மனு போட்டால்தான் செடி.

நாலு நாள் வரிசையில் நின்ற முயலிடம் அதிகாரிக் கரடி கேட்டது: “நீ இருமினதைக் கேட்ட சாட்சி யாரு?”

“இப்பவே இருமுறேன், கேளுங்க சார்.”

“நான் அதிகாரி. சாட்சி ஆக முடியாது.”

இருமலைக் கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாம் பயந்து அடுத்த காட்டுக்குப் போயாச்சு. மிச்சம் சிறுத்தை வீரபத்திரன்தான். முயல் பாறை இடுக்குக்குள் ஒளிந்துகொண்டு மனுவை மட்டும் வெளியே நீட்டியது.

“அண்ணாச்சி, ஒரு கையெழுத்து.”

“விலாசமெல்லாம் தெளிவா எழுதியிருக்கியே தம்பி,” என்று மெச்சிக் கையெழுத்துப் போட்ட சிறுத்தை, நேரே அந்த விலாசத்துக்குப் போய்ப் புழுதியில் பதுங்கியது. முயல் எங்கே வந்தது? அது மறுபடி வரிசையின் வாலில் நின்றது. ஒரு வாரம் புழுதி தின்றதில் சிறுத்தைக்கும் இருமல் பிடித்தது. வளைக்குத் துணி எடுக்க வந்த முயல் ‘லொக்கு லொக்கு’ கேட்டு ஓட்டமாய் ஓடி வரிசைக்கே திரும்பியது.

மறுநாள் அதன் முதுகுக்குப் பின்னால் சிறுத்தை நின்றது, கையில் மனுவோடு.

“தம்பி, நான் இருமினதைக் கேட்டது நீ ஒருத்தன்தான். ஒரு கையெழுத்துப் போடேன்.”

மனுவின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: விசாரணை முடியும்வரை சாட்சி உயிரோடு ஆஜராக வேண்டும். முயல் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு விசாரணைக்கும் சிறுத்தையே முயலை முதுகில் ஏற்றிக் கூட்டிவந்தது, வழியில் நரி கிரி தின்றுவிடாமல். ஆறாம் வருஷம் கரடி, “சிறுத்தை மனு நாளைக்கு பாஸ் ஆயிடும்,” என்றது.

முயல் அன்று மத்தியானமே ஆட்சேபணை எழுதிக் கொடுத்தது.

“கேட்டது வாஸ்தவம் சார். ஆனா அது இருமலா, சும்மா தொண்டையைச் செருமினதான்னு இப்ப ஒரு சந்தேகம்.”

விசாரணை முதலிலிருந்து தொடங்கியது.

நீதி: மருந்து கிடைத்தவன் என்றாவது ஒருநாள் சாவான், மனு நிலுவையில் இருப்பவனுக்குச் சாவே இல்லை.